ஏழு சீட் ஜீப்

செல்லச்சாமி புது ஜீப்பின் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதப் போய் எடுத்திருக்கியே சேது! எடுக்க முந்தி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

சேதுராமனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வாகன இறக்குமதித் தடை எப்போது நீங்கும் என்று வருடக்கணக்கில் காத்துக் கிடந்து, போன கிழமைதான் குண்டசாலை வீட்டு வாசலில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

செல்லச்சாமிக்குக் கண்டி டவுனில் உதிரிப்பாகக் கடை. கூட வந்திருந்த நடராஜா மாநகரசபையில் கிளார்க். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது, ஆனால் உலகத்து வாகனங்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று பேரும் பல்லேகல மைதானத்துப் பக்கம் நின்று, போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் மார்க் போடுவார்கள். அப்படி ஒரு கிறுக்கு.

இன்றைக்கு இரண்டு பேரும் ஜீப்பில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துதான் தீர்ப்புச் சொன்னார்கள்.

"பின் வரிசையில மனுசன் உட்கார முடியுமா? முழங்கால் மூக்குல இடிக்குது" என்றார் நடராஜா. "பேருக்குத்தான் ஏழு சீட்டு."

"மூஞ்சியப் பாரு, பல்லுக் கட்டுன கிழவன் மாதிரி" என்றார் செல்லச்சாமி. "கடுகண்ணாவ ஏத்தத்துல மூச்சு வாங்கும். பெட்ரோல் ஊத்தியே நீ இளைச்சிருவ."

உள்ளேயிருந்து கமலம் வடைத்தட்டோடு வந்தாள். புருஷனுடைய சட்டை வெளுத்துப்போயிருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால்கூட அவருக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டாள் அவள். இன்றைக்கு என்னவோ, "இன்னும் ரெண்டு எடுத்துக்கங்கண்ணே. வேற என்ன குறை இருக்கு, சொல்லுங்க" என்று உபசரித்தாள்.

இவளுக்கும் வண்டி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சேதுராமன் நொந்துகொண்டார்.

நடராஜா வடையை விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "வளைவுல வண்டி ஒரு பக்கமா சாயுது சேது. குடும்பத்த ஏத்திக்கிட்டுப் போற வண்டி இல்ல இது."

அந்த ஒரு சொல்தான் சேதுராமனை ஆட்டிவிட்டது. சீட்டையும் பெட்ரோலையும் அவர் பொறுத்துக்கொள்வார், இதை எப்படிப் பொறுப்பார்?

முன்பு சேதுராமன் வீட்டில் ஒரு வேன் இருந்தது. இதே இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். அந்த வாரமே மஹியங்கனை ரோட்டுப் பதினெட்டு வளைவு மலைப்பாதையில், சேதுராமன் ஓட்டிக்கொண்டு போகும்போதே, வேன் புரண்டது.

மகள் பாலாம்பிகைக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. வாகனம் எதிலும் ஏறமாட்டேன் என்று வீட்டோடு இருந்துவிட்டாள் அந்த வளர்ந்த பெண்.

இந்த ஜீப்பைப் பார்த்த பிறகுதான், "உயரமா, பலமா இருக்குப்பா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இதுலயே போவோம்" என்று வாய் திறந்திருந்தாள். அதைக் கேட்டு அன்றைக்கு அவர் குளியலறைக்குள் போய் அழுதார்.

செல்லச்சாமி வயிற்றெரிச்சலில் பேசியிருக்கலாம். நடராஜா அப்படியில்லை, வாகனத்தைப் பற்றிப் பொய் சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. சேதுராமன் அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், பெட்ரோல் அடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே அக்குறணைக்கு ஓட்டினார். அங்கே வாகனம் வாங்கி விற்கும் பாறூக் நானா ஜீப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"இதுல ஒண்டும் பழுதில்லையே! வளைவுல ரயில் மாதிரி போகுது. இப்படிச் சாமானை ஏன் விக்கப் போறீங்க?"

வாங்குகிறவரே புகழ்கிறாரே என்று வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். சேதுராமனுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. "மனசு ஒப்பல நானா" என்று சாவியை நீட்டினார்.

கடையில் நின்றிருந்த மாத்தளைக்காரர் ஒருவர் அங்கேயே ஜீப்பைப் பேசி முடித்து, அவர் கண்முன்னாலேயே எடுத்துக்கொண்டு போனார். சேதுராமன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

வாசல் கேட்டடியில் பாலாம்பிகை பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, புறப்படத் தயாராக நின்றாள்.

"ஜீப் எங்கப்பா?"

"வித்துட்டேம்மா. வளைவுல சாயிற வண்டியில உன்ன ஏத்த என்னால முடியாது."

அவள் தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டு மெல்ல உள்ளே போனாள். இனி அவளை இன்னொரு வண்டியில் ஏற்ற யாரால் முடியும்?

உள்ளேயிருந்து கமலம் ஓடி வந்தாள். "செல்லச்சாமி அண்ணனும் நடராஜா அண்ணனும் சொன்னத வச்சா வித்தீங்க?"

"வண்டி விசயத்துல வேற யாரு பேச்ச நான் கேப்பேன்?"

கமலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! வேனைப் புகழ்ந்த மாதிரிப் புகழ்ந்து கண்ணு பட்டுறக் கூடாதுன்னு, குறை மட்டும் பேசச் சொன்னதே நான்தாங்க!"