புகார் சொன்னவர்

அறையில் இருந்தவர்கள்: மாமியார், மகன், மருமகள், குடும்ப ஆலோசகர். மாமியாரின் இடது கையில் பதிந்திருந்த ஐந்து விரல் தடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அவைதான் மற்ற நால்வரையும் உட்கார வைத்திருந்தன.

வலது கை பக்கவாதத்தில் போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்த இடது கைதான்.

மருமகள் தரையைப் பார்த்தாள். மகன் சன்னலைப் பார்த்து உறுமினான்.

"பக்கத்து வீட்டுக்காரன் வேலைதான் மேடம். அவன் வீட்டு ஓட்டையை அடைக்கத் துப்பில்ல, நம்ம வீட்டை எட்டிப் பார்க்கிறான்."

"யார் சொன்னாங்கன்னு நாங்க சொல்றதில்ல. போன்ல என்ன சொன்னாங்கன்னு எழுதி வச்சதைப் படிக்கிறேன். எல்லார் முன்னாடியும் படிங்கன்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க" என்று ஆலோசகர் தாளைப் பிரித்தார்.

மாமியார் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். கதவு இடித்துவிட்டது. அவ்வளவுதான். முப்பது வருடம் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவள். நீளமான பொய் நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் மகன் இரண்டில் ஒன்றைச் செய்வான். மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவான். இல்லையென்றால் அம்மாவை முதியோர் இல்லத்துக்கு.

ஆலோசகர் படித்தார்.

"செவ்வாய்க்கிழமை காலை. அந்த அம்மா குளிக்க மாட்டேன் என்று குழாயைப் பிடித்துக்கொண்டார். கையை முறுக்கி இழுத்தாயிற்று. வலிக்குத் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டார். சத்தமே போடவில்லை. அடுத்த முறை கை உடைந்துவிடும். யாராவது வந்து நிறுத்துங்கள்."

மாமியார் நிமிர்ந்தாள். கதவு இடித்த கதையை அப்படியே விழுங்கினாள்.

"முறுக்கினா. இது மூணாவது தடவை."

மகன் துள்ளி எழுந்தான். ஆலோசகர் ஒரு கையசைப்பில் அவனை உட்கார வைத்தார். அம்மாவை நீங்கள் கடைசியாகக் குளிப்பாட்டியது எப்போது? கழிப்பறைக்கு அழைத்துப் போனது?

அவன் சட்டைப்பையைத் தடவினான். சீட்டு எடுக்காதவர்கள் அப்படித்தான் தடவுவார்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து, பத்து மாதமாக, மருமகள் தனியாக வாசற்படி தாண்டவில்லை என்பது அதற்குப் பிறகுதான் சபைக்கு வந்தது.

"அதுக்காகக் கை வச்சது சரின்னு ஆயிடாதும்மா" என்றார் ஆலோசகர். இன்னொரு தடவை நடந்தால் காவல் நிலையம் என்றும் சொன்னார். மருமகள் மறுக்கவில்லை.

ஒரு தாளில் எழுதினார்கள். காலையில் குளிப்பாட்ட வெளியிலிருந்து ஒரு செவிலி. மாலை ஆறிலிருந்து எட்டு வரை அம்மா மகனின் பொறுப்பு, மருமகள் வீட்டில் இருக்கக் கூடாது. வாரம் ஒரு முறை ஆலோசகர் வருவார், மாமியாரிடம் தனியாகப் பேசுவார். மாமியார் இடது கையால் கோழி கிளறியதுபோல் கையெழுத்துப் போட்டாள். கை வலித்தது.

மணி ஆறு ஆகியிருந்தது. ஆலோசகர் கிளம்பிப் போனார். மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள். எங்கே போவதென்று அவளுக்கே தெரியவில்லை.

"அத்தை, மாத்திரை..."

"எல்லாம் எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு முன்னாடி வந்து நின்னா கதவைத் திறக்க மாட்டேன். போ."

மருமகள் படியிறங்கினாள்.

மகன் பின்னால் வந்து நின்றான். "இவ்வளவும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரனால. நாளைக்கு அவனை..."

"டேய், நம்ம பாத்ரூமுக்கு சன்னலே கிடையாது. நான் துண்டைக் கடிச்சது சுவத்துக்குக்கூடத் தெரியாது. உள்ள இருந்தது நாங்க ரெண்டே பேர். நான் யாருக்கும் போன் பண்ணல."

மகன் வாசலை எட்டிப் பார்த்தான்.

"மகராசி, அவளாவது பண்ணினாளே" என்றாள்.

ஊன்றி வந்த தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இறங்கிப் போகிறவள் திரும்பிப் பார்ப்பதற்குள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.