கீழே விழாத டம்ளர்

நாவலாசிரியர் படியேறி வருகிறார் என்று தெரிந்ததுமே, பிழை திருத்தும் புரூஃப் அக்கா தன் சாப்பாட்டு டப்பாவையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பைக்குள் எடுத்து வைத்துவிட்டாள்.

வேலை போவது உறுதி.

பதிப்பகத்தில் சேர்ந்த அன்றைக்கே முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். எழுத்துப்பிழையைத் திருத்தலாம், எழுத்தாளரின் வரியில் கை வைத்தால் அன்றோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

பதினாறு வருஷம் அவள் கை வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஏனென்றால் இந்த நாவலாசிரியரின் பெண்களுக்குக் கையில் பிடிமானமே கிடையாது. கெட்ட சேதி வரவேண்டியதுதான், கையில் இருப்பது எதுவானாலும் கீழே போய்விடும். பதினோரு நாவல்களில் ஒன்பது டம்ளர், நாலு தட்டு, ஒரு பூந்தொட்டி. ஒரு நாவலில் கைக்குழந்தையே நழுவியது. நல்லவேளையாக அது மெத்தையில் விழுந்தது.

பன்னிரண்டாவது நாவலில், புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான் என்று கதாநாயகிக்குச் சேதி வருகிறது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், அத்தியாயத்தின் கடைசி வரி: அவள் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அந்த வரியை அடித்தாள். பக்கத்திலேயே, 'அவள் அடுப்பை அணைத்தாள்' என்று எழுதினாள்.

அது கடைசி புரூஃப். அப்படியே அச்சாகிவிட்டது.

இப்போது நாவலாசிரியர் அவள் மேஜைக்கு முன்னால் நிற்கிறார். பின்னால் முதலாளி, முகத்தில் ஈயாடவில்லை. நாவலாசிரியர் கையில் புத்தகம் அதே பக்கத்தில் திறந்திருக்கிறது. பக்கத்தின் மூலையை யாரோ மடித்திருக்கிறார்கள்.

அவர் கேட்பதற்கு முன்பே, மாற்றியது தான்தான் என்று அக்கா ஒப்புக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

மூலையை மடித்தது தன் மனைவி என்றார் அவர்.

அவர் எழுதிய எதிலும் பத்துப் பக்கம் தாண்டாத மனுஷி. இதை மட்டும் விடாமல் படித்து, இந்தப் பக்கத்துக்கு வந்ததும், 'இவதான் அசல் பொம்பளை' என்றாளாம். சொன்னதோடு விடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவள் என்ன செய்தாள் என்று நாலு நாளாக அவரைத் துளைத்தெடுக்கிறாளாம்.

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் கதை ஆறு வருஷம் தாண்டிப் போய்விடுகிறது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்கம்மா. அப்புறம் அவ என்னதான் செஞ்சா?"

அக்கா கண்ணாடிக் கூட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தாள். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இத்தனை வருஷமாக இந்தக் கட்டடத்தில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பசிச்சுது சார். நானும் பொண்ணும் உக்காந்து நல்லா சாப்பிட்டோம். அவர் பங்கையும் சேர்த்து."