நான்காவது படம்

"பிறப்புறுப்போட உள்ளிதழைச் சின்னதாக்கணும்னு வந்திருக்கீங்க. வலி, உரசல் ஏதாவது இருக்காம்மா?" என்று வினவினார் பெண் மருத்துவர்.

"எதுவும் இல்ல டாக்டர். இவருக்குத்தான் பார்க்க நல்லா இல்லையாம்" என்று மனைவி தலைகுனிந்தாள்.

கணவர் தொழிற்சாலையொன்றில் தர ஆய்வாளர். பதினெட்டு ஆண்டுகளாகக் குறை கண்டே ஊதியம் பெற்றவர், மனைவியை மட்டும் விட்டுவைப்பாரா?

"வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது சார். ஆறு பெண்களைச் சோதிச்சுப் பார்த்து நான் வரைஞ்ச ஆறு படம் இது. எது மாதிரி வேணும்?"

அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டார்.

"இது கோணல். இது ஒரு பக்கம் நீளம். என்ன டாக்டர், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே?"

"யாரோடதும் அப்படித்தான் சார் இருக்கும். இது தொழிற்சாலையில அச்சு வச்சு வார்த்தது இல்லையே!"

கேலி அவர் செவியில் ஏறவில்லை. நான்காவது படத்தை உயர்த்திப் பிடித்தார்.

"இதுதான் குறையே இல்லாதது. அச்சு அசலா இப்படியே இருக்கணும்."

"நிச்சயமா?"

"முத்திரை குத்திட்டா மாத்தற பழக்கமே எனக்குக் கிடையாது."

மருத்துவர் அப்படத்தைத் திருப்பிக் காட்டினார். பின்புறத்தில் சென்ற வாரத் தேதியிட்டு, 'இது என்னுடைய படம். என் கணவரிடம் காட்டச் சம்மதிக்கிறேன்' என்று எழுதியிருந்தது. கீழே மனைவியின் கையொப்பம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் அணிந்து படித்தார்.

இதுவரை குனிந்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மனைவி எழுந்தாள்.

"ஆபரேஷன் வேண்டாம்னு போன வாரமே டாக்டர்கிட்ட சொல்லிட்டேங்க. இன்னிக்குத் தரம் பார்த்தது உங்களை."