உதடு படித்தவள்

"இன்னிக்கு உன் குட்டு வெளிப்பட்டுடும் பாரு" என்றாள் கன்சோலா, கைப்பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தபடி. "என் பிள்ளை வாயைத் திறந்து பேசப் போறான். இனிமே நீ இட்டுக்கட்ட முடியாது."

மருமகள் ஹெர்மினியா, கணவன் தியோவின் கழுத்துக் குழாயைச் சுற்றியிருந்த ஈரத்துணியை எடுத்துவிட்டு உலர்ந்த துணியை வைத்துக்கொண்டிருந்தாள்.

மரிகினா ஆறு கரைபுரண்டு தெருவுக்குள் வந்த வாரத்தில், பக்கத்து வீட்டுக் குழந்தைகளை முதுகில் சுமந்து வெள்ளத்தில் நடந்தவன் தியோ. பத்தாம் நாள் எலிக்காய்ச்சல் படுக்கவைத்தது. நுரையீரலில் ரத்தம் கட்டியது, சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வாரம் வாயில் குழாயோடு கிடந்தான். பிறகு அதை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு வந்தது, குரல் போயிற்று.

உதடுகள் மட்டும் அசைந்தன. அவற்றைப் படிக்க ஹெர்மினியாவால்தான் முடிந்தது. ஷூ ஃபாக்டரியில் பதினோரு வருஷம் தோல் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவள் அவள். அந்த இரைச்சலில் யாருடைய பேச்சும் யார் காதிலும் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் சண்டைகூடப் போட்டுக்கொள்வார்கள்.

"முதுகு அரிக்குதாம்." "லைட்டு கண்ணைக் குத்துதாம்." "நேத்து பாஸ்கெட்பால்ல யாரு ஜெயிச்சாங்கன்னு கேக்கிறார்." அவள் சொல்லச் சொல்ல நர்ஸ்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். அப்போதெல்லாம் மாமியாரும் நம்பினாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த இருபத்தோராம் நாள் சிறுநீரகம் மறுபடி நின்றது. அன்று ஹெர்மினியா டாக்டரிடம் வேறொன்றைச் சொன்னாள்.

"போதும், என்னைப் போக விடுங்கன்னு சொல்றார், டாக்டர். மூணு நாளா இதையேதான் சொல்றார்."

கன்சோலா ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "பூசைக்கு மணியடிச்சு வளர்ந்த பிள்ளைடி அவன்! கடவுள் குடுத்த உயிரை வேண்டாம்பானா? உனக்கு அலுத்துப்போச்சு. அதான் அவன் வாயில உன் வார்த்தையைத் திணிக்கிறே!"

டாக்டர் தியோவிடமே கேட்டார். ஆமாம் என்றோ இல்லையென்றோ தலையை அசைத்தால் போதும் என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மனைவி. தியோ கண்களை இறுக மூடிக்கொண்டான்.

சிகிச்சை தொடர்ந்தது. அதற்குப் பிறகு சர்ச்சில் ஹெர்மினியா உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. "புருஷனைக் கொல்லப் பார்த்தவ" என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற நேரமெல்லாம் அவள் அவன் கட்டிலைவிட்டு நகரவில்லை. சளியை உறிஞ்சி எடுத்தாள். புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தாள். மெல்ல மெல்ல அவன் தேறினான். மூச்சுக்கு வைத்த இயந்திரம் போனது, வார்டுக்கு மாற்றினார்கள். இன்று ஐம்பத்திரண்டாம் நாள்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்து, கழுத்துக் குழாயின் வாயில் குரல் வர உதவும் சின்ன மூடி ஒன்றைப் பொருத்தினாள்.

"பயப்படாம மூச்சை விடுங்க. இப்ப ஏதாவது சொல்லிப் பாருங்க."

தியோ இருமினான். முகம் சிவந்தது. கரகரவென்று ஒரு சத்தம் புறப்பட்டது.

"அம்மா."

கன்சோலா விம்மி அழுதாள். ஹெர்மினியாவும் அழுதாள், யாரும் பார்க்கவில்லை. பிறகு கன்சோலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி மகன் கையில் வைத்தாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுடா. சாகணும்னு நீ சொன்னியா?"

தியோ மனைவியைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"இல்லம்மா. நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"கேட்டியாடி?" கன்சோலா நிமிர்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பினார்கள். "நல்லா கேட்டுக்கங்க எல்லாரும்! உயிரோட இருக்கிறவனைக் குழிக்குள்ள தள்ளப் பார்த்தா இந்த மகராசி. கிளம்பு! இனிமே இந்த வார்டுல உன் நிழல்கூடப் படக் கூடாது."

பயிற்சிப் பெண் தலையைக் குனிந்தபடி வெளியேறினாள்.

ஹெர்மினியா தன் இரண்டு மாற்று உடுப்பையும் பையில் திணித்தாள். "சளி எடுக்கும்போது குழாயைப் பத்து செகண்டுக்கு மேல உள்ள வைக்காதீங்கம்மா. தூங்குறப்ப அந்த மூடியைக் கழட்டிடணும். மறந்துட்டா மூச்சு முட்டும்."

"நர்ஸ் சொல்லித் தருவா. நீ நடையைக் கட்டு."

வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தியோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

கன்சோலா பதறிப்போனாள். "ஐயோ, குரல் மறுபடி போச்சே! ஏய், நில்லு. என்ன சொல்றான் பாரு!"

ஹெர்மினியா கடைசிவரை பார்த்தாள். 'மன்னிச்சுடு. சொன்னேன்தான். அம்மா தாங்க மாட்டாங்க.'

"தலையணையைக் கொஞ்சம் உயர்த்தணுமாம்" என்றாள்.

இந்த ஐம்பத்திரண்டு நாளில் அவள் சொன்ன முதல் பொய் அது. மாமியார் உடனே நம்பினாள்.