நாலுகால் பின்னல்

வாரக் கடைசி இரண்டு நாள் குழந்தை அப்பாவிடம் இருக்கலாம் என்பது உத்தரவு. திங்கள் காலை ஏழு வயது ஓவியாவைக் குடும்ப நீதிமன்ற வாசலில் விட்டுவிட்டு அவன் போனான். என் கட்சிக்காரி தமயந்தி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னலைப் பார்த்தாள். நாலுகால் பின்னல், ஒரு முடி பிசகாமல் இடுப்புவரை இறங்கியிருந்தது.

"யாரு போட்டுவிட்டது?"

"ஷர்மி ஆன்ட்டி."

அவன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள்.

"மனுவுல ஒரு வரி சேருங்க மேடம். அந்தப் பொம்பள எம் பொண்ணு தலையத் தொடக் கூடாது."

இருபது வருடத் தொழிலில் எதையும் சிரிக்காமல் எழுதப் பழகியிருக்கிறேன். எழுதினேன். அதற்குள் அவள் பெஞ்சில் உட்கார்ந்து மகளின் பின்னலை அவிழ்த்துவிட்டு, தானே நாலாகப் பிரித்துப் பின்னத் தொடங்கியிருந்தாள். மூன்றாவது மடிப்பில் முடி சிக்கியது. அவிழ்த்துப் பின்னினாள். மறுபடி சிக்கியது.

"அப்படி இல்லம்மா. நீ குனி, நான் காட்டறேன்."

ஓவியா அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். தமயந்தி குனிந்தாள். சின்ன விரல்கள் கூந்தலுக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வரியை அடித்துவிட நான் பேனா மூடியை டிக்கென்று திறந்தேன்.

"அந்த வரி இருக்கட்டும் மேடம்," என்றாள், நிமிராமல்.