கோட்டுக்குள் ஒரு சைக்கிள்

காலை வெயிலில், சைக்கிள்களுக்கென்று சாலையோரத்தில் போட்ட வெள்ளைக் கோடு கண்ணைக் கூசுகிறது. அந்தக் கோட்டைப் போட்ட பொறியாளரே அதற்குள் சைக்கிள் ஓட்டிப் போகிறார். இங்கே விழுந்து அடிபட்ட ஒரு பெண்ணின் அக்கா, இதற்காக ஏறி இறங்காத அலுவலகமில்லை. கடைசியில் மேலதிகாரிதான், நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பியிருக்கிறார். அவர் ஓட்டும் சைக்கிள் அவளுடைய தங்கையுடையது. முன்கூடை இன்னும் நசுங்கியபடியே இருக்கிறது. வேண்டுமென்றேதான் அவள் அதை நிமிர்த்தவில்லை. தங்கை தொடையில் கம்பி வைத்து வீட்டில் படுத்திருக்கிறாள். ஒரு பஸ் அவர் முழங்கையை ஒட்டி உறுமிக்கொண்டு போகிறது. ஹேண்டில்பார் வெடவெடக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னால் தன் சைக்கிளில் வருகிறவளுக்கு நெஞ்சு குளிர்கிறது. இனி சாக்கடை மூடி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதன் கம்பிகள் சக்கரம் உருளும் வாக்கிலேயே நீளமாக ஓடுகின்றன. இடையில் டயர் சுளுவாக இறங்கிவிடும். தங்கையின் டயர் இறங்கியது அங்கேதான். அவர் சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றுகிறார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் லாரிகள், நடுவில் அந்த மூடி. திரும்பிப் பார்க்கிறார்.

"இதுல எப்படிம்மா போறது?"

தங்கைக்காக நியாயம் கேட்கப் போன அன்று, நாற்காலியில் சாய்ந்து காலாட்டிக்கொண்டே அவர் சொன்னதை அவள் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"அதான் கோடு போட்டிருக்குல்ல," என்கிறாள் நிதானமாக. "அதுக்குள்ளயே போனா ஒண்ணும் ஆகாது."