ஆறாத சூடு

தெருவிளக்கு பழுதுபார்ப்பவள் அவள். மதியம், விளக்கை எரியவைக்கும் சோக் ஒன்றை எடுத்துப்போக வீட்டுக்கு வந்தாள். ஜன்னலில்லாத கீழ்த்தள அறைக்கு, அவள் புது வயர் போட்டு மாட்டியிருந்த பழைய தெருவிளக்குதான் வெளிச்சம். உள்ளே இறங்கி சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை.

அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தில் மூடியைத் திறந்தாள். வயரெல்லாம் சரியாகவே இருந்தது. சோக்கைத் தொட்டதும் கை சுட்டது.

மூடிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள். சோக் மட்டும் உறுமியது. கணவனைப் போனில் அழைத்தாள். வெகுநேரம் கழித்தே எடுத்தான்.

"என்னம்மா? மீட்டிங்ல இருக்கேன்" என்று கிசுகிசுத்தான்.

"கீழ் ரூம்ல யாரோ இருக்காங்க!"

"யாரும் இருக்க மாட்டாங்க. நீ வேலைக்குக் கிளம்பு."

"சோக் கொதிக்குதுங்க! இந்த விளக்கை அணைச்சா, சூடு ஆறினப்புறம்தான் திரும்ப எரியும். இப்பத்தான் எவனோ அணைச்சிருக்கான்."

இருட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"போலீசைக் கூப்பிடவா?"

"வேணாம்! போலீசெல்லாம் வேணாம்!"

கைக்கு அகப்பட்ட ஸ்பேனரை இறுகப் பிடித்தாள். தலைக்கு மேல் விளக்கு மெல்ல எரியத் தொடங்கியது.

அலமாரிக்குப் பின்னால், காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில், அவள் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை மடியில் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வேலை போயி ஒரு மாசமாச்சு" என்றான், இன்னும் போனிலேயே.